ஸ்டெதஸ்கோப்பும் காக்பிட்டும்: வாசகர் கேள்விகள்

விமானிகளுக்கு உடற்தகுதிப் பரிசோதனை செய்யும் மருத்துவன் நான். நடுவயதில் ஆசைப்பட்டுச் சின்ன விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டேன். இந்த இரண்டு காரணங்களையும் சொல்லி, இந்த இதழுக்கு வந்த கேள்விகளை ஆசிரியர் என்னிடம் தள்ளிவிட்டார்.

*கே: மருத்துவப் படிப்பு கடினமா, விமானிப் பயிற்சி கடினமா? சுற்றி வளைக்காமல் ஒரே வார்த்தையில் சொல்லவும்.*
– பள்ளி இறுதி வகுப்பு மாணவர் ஒருவர்

ப: மருத்துவம்.

கேட்டபடி ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன். இனி கொஞ்சம் சுற்றி வளைக்க அனுமதி கொடுங்கள் தம்பி, ஏனென்றால் அது பாதி பதில்தான்.

படிக்க வேண்டிய அளவைப் பார்த்தால் போட்டியே இல்லை. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி அடிப்படை மருத்துவப் படிப்புக்குக் குறைந்தது 5 ஆண்டுகள், 5,500 மணி நேரம். அதை முடித்தவரும் எந்தத் துறைக்கும் நிபுணர் ஆகிவிடுவதில்லை. அமெரிக்காவில் ஒரு கல்லூரிப் பட்டம், அதன் மேல் 4 ஆண்டு மருத்துவம், அதன் மேல் 3 முதல் 7 ஆண்டு வரை ரெசிடென்சி என்கிற மருத்துவமனைப் பயிற்சி. மூளை அறுவை சிகிச்சைக்குப் போகிறவர் அந்த 7 ஆண்டையும் முழுசாகக் கழிக்க வேண்டும். இந்தப் பக்கம் பாருங்கள்: வணிக விமானி உரிமத்துக்குச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு கேட்பது 200 மணி நேரப் பறப்பு. அங்கீகரிக்கப்பட்ட பயிற்சித் திட்டத்தில் படித்தால் 150 போதும்.

5,500க்குப் பக்கத்தில் 200ஐ வைத்துச் சிரிக்கிற டாக்டர்கள் எனக்குத் தெரியும். 200 என்பது காற்றில் இருந்த நேரம் மட்டும். ஐரோப்பாவில் ஏர்லைன் விமானியாகத் தொடர் பயிற்சியில் சேருகிறவர் தரையில் 750 மணி நேரம் பாடம் படிக்கிறார். வானிலை, விமான விதிகள், வழிகாணல், எஞ்சின், மனித உடலின் வரம்புகள் என்று 13 தாள்கள். ஒவ்வொன்றிலும் 75 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி. நான் மருத்துவத்தில் சில தாள்களைத் தாண்டிய மதிப்பெண்ணுக்கு அங்கே வாசலிலேயே நிறுத்தியிருப்பார்கள்.

இருந்தாலும் பாட அளவில் மருத்துவம்தான் பெரியது, சந்தேகமில்லை. விமானப் பயிற்சியின் கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. அங்கே நேரம் நமக்காக நிற்பதில்லை. வார்டில் ஒன்று புரியாவிட்டால் 'ஒரு நிமிஷம், சீனியரைக் கேட்டுவிட்டு வருகிறேன்' என்று நகரலாம். அவசரச் சிகிச்சைப் பிரிவு தவிர மற்ற இடங்களில் யோசிக்க ஓர் இரவு கூடக் கிடைக்கும். இறங்கப்போகும் விமானத்தில் அது நடக்காது. வேகம், உயரம், இறக்கையின் பின்னோரத்தில் இறக்கிவிடும் ஃபிளாப், பக்கவாட்டுக் காற்று, ரேடியோவில் கூப்பிடுகிற கன்ட்ரோல் டவர் எல்லாம் ஒரே சமயத்தில் வரும். ஒன்றைப் பார்த்தால் மற்றொன்று நழுவும். என் இன்ஸ்ட்ரக்டருக்கு என்னைவிட வயது மிகக் குறைவு. "ஸ்பீடைப் பாருங்க டாக்டர்" என்பார். அந்த 'டாக்டரில்' மரியாதையைவிட அலுப்புதான் அதிகம் இருந்தது.

படித்த படிப்பு கைகொடுக்காத இடமும் உண்டு. காதுக்குள் இருந்து, நாம் திரும்புவதை உணர்த்தும் அரைவட்டக் குழல்களைப் பற்றி நான் மருத்துவக் கல்லூரியில் பக்கம் பக்கமாக எழுதியவன். வெளியே பார்க்க முடியாதபடி முகத்துக்கு மறைப்பு மாட்டிக்கொண்டு, கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பாடம் வந்தது. விமானம் மெதுவாகத் திரும்பினால் குழலுக்குள் இருக்கும் திரவமும் சேர்ந்து சுற்றிப் பழகிவிடும், திரும்புவதே தெரியாது. நேராக்கியதும் எதிர்ப்பக்கம் சாய்வதாக உடம்பு அடம் பிடிக்கும். கருவி நேராகக் காட்டுகிறது, காரணமும் எனக்கு மனப்பாடம், ஆனாலும் உடம்பு கேட்கவில்லை. கை தானாக ஸ்டிக்கைச் சாய்க்கப் போனது. 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கருவிப் பறப்புப் பயிற்சி இல்லாத 20 பேரை இப்படிப் பார்வை மறைத்துச் சோதித்தார்கள். எல்லோரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக எடுத்துக்கொண்ட நேரம் 178 வினாடி. அந்த 20 பேரும் முட்டாள்கள் அல்ல. உடம்பு சொல்வதை நம்பாமல் கருவியின் முள் காட்டுவதை நம்ப ஒருவரைப் பழக்குவதற்கு எந்தப் புத்தகமும் போதாது.

இன்னொரு வித்தியாசம், மருத்துவத்தில் பரீட்சைக்கு ஒரு முடிவு உண்டு. சில நாடுகளில் அவ்வப்போது மறுசான்று கேட்கிறார்கள். ஆனால் ஏர்லைன் விமானிக்கு இருக்கிற கறார் அதில் இல்லை. இருபது வருஷம் கேப்டனாக இருந்தவரும் சுமார் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சிமுலேட்டரில் உட்கார வேண்டும். டேக் ஆஃப் ஓட்டத்தில், இனி நிறுத்த முடியாது, ஏறித்தான் ஆக வேண்டும் என்ற வேகத்தைத் தாண்டியதும் ஒரு எஞ்சினை அணைத்துவிடுவார்கள். மிச்சமுள்ள எஞ்சினோடு ஏறி, சுற்றி வந்து, இறங்கிக் காட்ட வேண்டும். அன்றைக்குச் சரியாக வராவிட்டால் மறுபயிற்சி முடித்துத் தேறும்வரை பயணிகளை ஏற்ற முடியாது. எங்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அழைத்து, பொம்மை நோயாளிக்கு இதயத்தை நிறுத்திவிட்டு, "ம், ஆரம்பியுங்கள்" என்று மூலையில் ஒருவர் குறிப்பேட்டோடு நின்றால் எத்தனை பேர் தேறுவோம்? என் தொழில்காரர்கள் இந்தப் பத்தியைக் கிழித்துவிட்டுப் படிக்கலாம்.

ஆக, டாக்டராவது கடினம், விமானியாக நீடிப்பது கடினம். எது உங்களுக்கு ஒத்துவரும் என்பதைத்தான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

*கே: இப்போதெல்லாம் ஆட்டோபைலட்தானே ஓட்டுகிறது? பட்டனை அழுத்துகிறவருக்கு இவ்வளவு பயிற்சி எதற்கு?*
– ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர்

ப: கால்குலேட்டர் வந்த பிறகும் உங்களை ஏன் வேலையில் வைத்திருந்தார்கள் ஐயா?

சரி, கோபம் வேண்டாம். வழக்கமான பயணிகள் விமானத்தில் டேக் ஆஃப் கையால்தான். மேலே போனதும் ஆட்டோபைலட் பெரும்பகுதியைப் பார்த்துக்கொள்கிறது என்பது உண்மை. சிக்கல் அது கையை விரிக்கும்போது வருகிறது. 2009 ஜூன் 1ஆம் தேதி ரியோவிலிருந்து பாரிஸ் போன ஏர் பிரான்ஸ் 447இல், காற்றின் வேகத்தை அளக்கும் குழாய்களைப் பனித்துகள் அடைத்தது. வேகம் தெரியாமல் ஆட்டோபைலட் விலகிக்கொண்டது. விமானத்தில் வேறு பெரிய கோளாறு இல்லை. ஆனால் மூக்கை மேலே தூக்கிப் பிடித்ததில் இறக்கைகள் தாங்கும் சக்தியை இழந்தன, இதைத்தான் ஸ்டால் என்பார்கள். சுமார் நாலரை நிமிடத்தில் கடலில் விழுந்து 228 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அதிக உயரத்தில் ஸ்டால் ஆனால் மீள்வது எப்படி, திடீரென்று கைக்கு வந்த விமானத்தைக் கலவரப்படாமல் பிடிப்பது எப்படி என்கிற பயிற்சிகளை உலகெங்கும் இறுக்கினார்கள். மணிக்கணக்கில் ஒன்றும் நடக்காமல் உட்கார்ந்திருந்து, நடக்கிற அந்தச் சில வினாடியில் முழு விழிப்போடு இருப்பது மனித மூளைக்குப் பிடிக்காத வேலை. மயக்க மருந்து நிபுணர்களைக் கேளுங்கள், அவர்களுக்கும் இதே கதைதான்.

*கே: என் மகளுக்கு விமானி ஆக ஆசை. கண்ணாடி போடுகிறாள். 'கண்ணாடி போட்டால் முடியாது, டாக்டருக்குப் படி' என்று எல்லோரும் சொல்கிறார்கள்.*
– ஒரு தாய்

ப: எல்லோரும் தப்பாகச் சொல்கிறார்கள். சர்வதேச விதி, கண்ணாடி போட்டுக்கொண்டாவது ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாக 6/9, இரண்டும் சேர்ந்து 6/6 தெரிய வேண்டும் என்கிறது. பறக்கும்போது மாற்றுக் கண்ணாடி ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அவ்வளவுதான். கவனிக்க வேண்டியது நிறப் பார்வையை. புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் இஷிஹாரா அட்டைகளை இன்றே காட்டிப் பாருங்கள். நிறப் பார்வைக் குறை பையன்களுக்குத்தான் அதிகம், பெண்களுக்கு அபூர்வம். அட்டையில் தவறினாலும் அதோடு முடிந்துவிடாது, மேற்கொண்டு வேறு சோதனைகள் உண்டு.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் செய்யுங்கள். பயிற்சிப் பள்ளிக்கு ஒரு காசு கட்டுவதற்கு முன்னால் முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழை வாங்கிவிடுங்கள். பணம் கட்டிய பிறகு என் அறைக்கு வந்து, ஈசிஜியில் ஏதோ தெரிகிறது என்று கேட்டுக் கலங்கி நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வரிசையை மாற்றியிருந்தால் பணமாவது மிஞ்சியிருக்கும்.

இந்த இரண்டு தொழிலையும் ஒப்பிடுகிறவர்கள் மறக்கிற விஷயமும் இதுதான். வலிப்பு நோய் உள்ள ஒருவர், மருந்தில் கட்டுப்பட்டிருந்தால், அருமையான மருத்துவராக இருக்கலாம். விமானி ஆக முடியாது. மருத்துவர் எழுபது வயதிலும் நோயாளி பார்க்கலாம். ஏர்லைன் விமானிக்கு 65 வயதோடு சரி. அதுவரைக்கும் வருஷா வருஷம், 60 தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, என்னைப் போன்ற ஒருவர் முன்னால் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார வேண்டும். புயலில் கலங்காத கேப்டன்களுக்கு என் அறையில் ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறித்தான் இருக்கும். கொஞ்ச நேரம் வேறு ஏதாவது பேசிவிட்டு மறுபடியும் அளப்பேன்.

*கே: விமானி தவறினால் அவரும் சாவார். டாக்டர் தவறினால் நோயாளி மட்டும்தான். அதனால்தானே அங்கே பயிற்சி கறாராக இருக்கிறது?*
– வாசகர் ஒருவர்

ப: கைதட்டல் வாங்கும் வாதம். ஆனால் சாகப்போகிறோம் என்ற பயம் ஒருவரைத் திறமைசாலி ஆக்கிவிடாது. 1978 டிசம்பர் 28 அன்று, போர்ட்லண்டில் இறங்க வேண்டிய யுனைடெட் 173 விமானத்தில் சக்கரம் சரியாக இறங்கியதா என்று சந்தேகம். அதைப் பார்த்துக்கொண்டே சுமார் ஒரு மணி நேரம் வட்டமடித்தார்கள். எரிபொருள் தீர்ந்துகொண்டிருப்பது மற்ற இருவருக்கும் தெரிந்தது, ஜாடையாகச் சொன்னார்கள், கேப்டன் காதில் அது சரியாக ஏறவில்லை. எஞ்சின்கள் அணைந்து விமானம் விழுந்தது, 10 பேர் இறந்தார்கள். உயிர்ப் பயம் அந்த காக்பிட்டில் குறைவாக இருந்தது என்று யாராவது சொல்ல முடியுமா?

இந்த மாதிரி விபத்துகளிலிருந்துதான் 1979இல் நாசா நடத்திய பட்டறையும், குழுவாக இயங்கும் பயிற்சியும் பிறந்தன. கேப்டன் காதுகொடுத்துக் கேட்கவும், ஜூனியர் வாய் திறந்து சொல்லவும் சொல்லிக்கொடுக்கிறார்கள். மேலே இருப்பவர் முகம் சுளித்தாலும் நேராகச் சொல்ல வேண்டும் என்பதும் பாடம், அதற்கும் மதிப்பெண். நான் படித்த காலத்தில் மருத்துவத்தில் இதற்கு நேர் எதிரான பயிற்சி நடந்தது. சர்ஜன் வலது காலுக்குப் பதிலாக இடது காலில் மை தடவினால் சொல்வதா வேண்டாமா என்று நர்ஸ் யோசிக்க வேண்டியிருந்தது.

செக்லிஸ்ட்டும் அவர்களிடமிருந்து வந்ததுதான். 1935 அக்டோபரில் போயிங்கின் புதிய குண்டுவீச்சு விமானம், தரையில் இருக்கும்போது இயக்குதளங்கள் (விமானத்தை ஏற்றவும் திருப்பவும் அசையும் பாகங்கள்) ஆடாமலிருக்கப் போடும் பூட்டை எடுக்க மறந்ததால் மேலேறியதும் விழுந்தது. ஓட்டியவர் கைதேர்ந்த ராணுவச் சோதனை விமானி. நினைவை நம்பாதே, எழுதி வைத்துப் படி என்ற முடிவுக்கு வந்தார்கள். அறுவை சிகிச்சை அரங்குக்கு உலக சுகாதார நிறுவனத்தின் செக்லிஸ்ட் வர 2008 ஆகிவிட்டது. எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்ததாக 2009இல் வெளியிட்டார்கள். கத்தி வைக்கும் முன் அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் தன் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்பதும் அதில் ஒன்று. முதலில் கேலி செய்த சர்ஜன்களை எனக்குத் தெரியும்.

மருத்துவத்துக்காகவும் ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நியாயமில்லை. முக்கியமான கருவி ஒன்று வேலை செய்யாவிட்டால் விமானி 'இது கிளம்பாது' என்று சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். அப்படிச் சொல்வதற்குத்தான் அவருக்குச் சம்பளம். இதயம் பழுது, சிறுநீரகம் பழுது, சர்க்கரை 400 என்று ஒருவர் வந்தால் நாங்கள் அவரைத் தரையில் நிறுத்த முடியாது. அதே நிலையில்தான் பறந்தாக வேண்டும். ஒரு ஏ320 விமானம் மற்றொரு ஏ320 மாதிரியேதான் இருக்கும். எந்த நோயாளியும் கையேட்டோடு வருவதில்லை. கையில் இருக்கிற பாதித் தகவலோடு முடிவெடுத்து, அது சரியா என்று மூன்று நாள் கழித்துத் தெரிந்துகொள்கிற பொறுமையைக் கற்கத்தான் அத்தனை வருஷம் தேவைப்படுகிறது.

*கே: விமானிகளுக்கு ஓய்வு கட்டாயம். பயிற்சி டாக்டர்கள் மட்டும் ஏன் இரவு பகலாக விழித்திருக்க வேண்டும்?*
– செவிலியர் ஒருவர்

ப: நான் பதில் சொல்லக் கூச்சப்படும் கேள்வி. விமானியின் களைப்பு ஒரே சமயத்தில் நூற்றுக்கணக்கானவர்களைக் கொல்லும், மறுநாள் செய்தியாகும். டாக்டரின் களைப்பு ஒவ்வொருவராகக் கொல்வதால் செய்தியாவதில்லை. வேறு நல்ல காரணம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

1984இல் நியூயார்க்கில் லிபி சயான் என்ற 18 வயதுப் பெண் மருத்துவமனையில் சேர்ந்த சில மணி நேரத்தில் இறந்தார். நீண்ட நேர டூட்டியில் இருந்த பயிற்சி டாக்டர்கள்தான் பார்த்துக்கொண்டார்கள். அவருடைய தந்தை அதைச் சும்மா விடவில்லை. 1989இல் அந்த மாநிலம் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரம்பு போட்டது, நாடு முழுவதற்கும் அது வர 2003 ஆனது. கவனியுங்கள், 80 மணி நேரம் என்பது சீர்திருத்தத்துக்குப் பிறகு! அதே நாட்டில் இரண்டு விமானிகள் உள்ள காக்பிட்டில் பறக்கும் நேரம் ஒரு பணிக்கு 8 அல்லது 9 மணி, ஆண்டுக்கு 1,000 மணி. டாக்டர் கைமாறும்போது நோயாளி பற்றிய தகவல் தவறிப்போகும் என்பது எங்கள் தரப்பு வாதம். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. அதற்குக் கைமாற்றும் முறையைச் சரிசெய்ய வேண்டும், ஒருவரைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது தீர்வாகாது.

*கே: ஒரே ஆள் இரண்டும் ஆக முடியுமா?*

ப: அமெரிக்க விண்வெளி வீரர் ஸ்டோரி மஸ்கிரேவ் ஆனார். மருத்துவப் பட்டம், சர்ஜன் பயிற்சி, 17,000 மணி நேரத்துக்கு மேல் பறப்பு, போதாததற்கு ஆறு முறை விண்வெளி. நம்மைப் போன்றவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. 1947இல் விற்பனைக்கு வந்த பீச்கிராஃப்ட் பொனான்ஸா என்ற வேகமான சிறு விமானத்துக்கு, அதன் 'வி' வடிவ வாலையும் சேர்த்து, 'கவட்டைவால் டாக்டர்கொல்லி' என்று விமானிகள் பட்டப்பெயர் வைத்தார்கள். வாங்கப் பணமும், எல்லாம் தெரியும் என்ற நினைப்பும், பறக்கப் போதாத பழக்கமும் உள்ளவர்கள் யார் என்று பார்த்து வைத்த பெயர். நான் ஓட்டுவது மெதுவான விமானம்தான்.

*கே: மருத்துவம் இரண்டாம் ஆண்டு. அனாடமியில் தவறிவிட்டேன். விட்டுவிட்டு விமானிப் பயிற்சியில் சேரலாமா? இரண்டு வருஷத்தில் முடிந்துவிடுமாமே.*
– மருத்துவ மாணவி ஒருவர்

ப: உரிமம் கைக்கு வர இரண்டு வருஷம் ஆகும் என்பது சரி. அப்புறம் குறிப்பிட்ட ரக விமானத்துக்கான டைப் ரேட்டிங், அப்புறம் வேலைக்குக் காத்திருப்பு. அமெரிக்காவில் 2009ஆம் ஆண்டு பஃபலோ நகருக்கு அருகே நடந்த விமான விபத்துக்குப் பிறகு கொண்டுவந்த விதிப்படி, ஏர்லைனில் துணை விமானியாக உட்காரவே பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும். 200 மணியிலிருந்து 1,500க்குப் போக, பலர் புதியவர்களுக்கு இன்ஸ்ட்ரக்டராகவே காலம் தள்ளுகிறார்கள். 2020இல் பெருந்தொற்று வந்தபோது அனுபவசாலிகளே வீட்டில் உட்கார்ந்தார்கள். மருத்துவர்களுக்கு அந்த வருஷம் வேலைக்குப் பஞ்சமில்லை.

மனப்பாடம் பிடிக்காமல் ஓடுகிறீர்கள் என்றால் நிற்கவும். விமானத்திலும் மனப்பாடம் உண்டு, அதைப் புத்தகம் பார்க்காமல், எச்சரிக்கை மணி அடித்துக்கொண்டிருக்கும்போது சொல்ல வேண்டும். பறப்பதே பிடித்திருக்கிறது என்றால் அது வேறு. ஒரு பறக்கும் கிளப்பில் அறிமுகப் பறப்புக்குக் கேளுங்கள். காற்று அசையாத காலை நேரத்தில் போகாதீர்கள், எல்லோருக்கும் அப்போது பிடிக்கும். வெயில் ஏறி, விமானம் தூக்கிப்போடுகிற பிற்பகலில் போங்கள். வயிறு கலங்கியும் இறங்க மனம் வராவிட்டால் மேற்கொண்டு பேசலாம்.

அதுவரை மறுதேர்வுக்கான வேலையை நிறுத்த வேண்டாம். கைக்குப் போகும் பிரேக்கியல் பிளெக்ஸஸ் நரம்புப் பின்னலைத் தினமும் ஒரு வெள்ளைத் தாளில் பார்க்காமல் வரையுங்கள், ஐந்து வேரிலிருந்து கடைசிக் கிளை வரை. முதல் வாரம் அசிங்கமாகத்தான் வரும். வந்துவிட்டால் மேல்கையில் பாதி முடிந்த மாதிரி. தாளின் பின்பக்கத்தில், பறக்கும் கிளப்பில் கேட்க வேண்டியதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.